புல்வெளிக்கும் நெல் மானியம்

டெக்சாஸின் எல் காம்போ பக்கம் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. பிறகு வயலைக் கூறுபோட்டு மனையாக்கி, வீடு கட்டிப் புல் வளர்த்தார்கள். அமெரிக்க அரசு அசரவில்லை. 1996 சட்டப்படி, அந்த மண்ணில் முன்பு என்ன விளைந்தது என்பதே கணக்கு. இன்று என்ன விளைகிறது என்று கேட்பது அநாகரிகம். ஆகவே கொல்லையில் புல் வெட்டும் இயந்திரம் ஓட்டியவருக்கும் நெல் மானியம் வந்து சேர்ந்தது. நிலத்தைச் சும்மா போட்டால் பாதகமில்லை. துணிந்து விற்பனைக்குத் தக்காளி பயிரிட்டால்தான் வம்பு. காய்கறி, பழத்துக்கு அன்று தடை!

செத்தவர்களையும் கைவிடவில்லை. 1999 முதல் 2005 வரை அப்படிச் சுமார் 1.73 லட்சம் பேர் பெயரில் போனது 110 கோடி டாலர் விவசாய மானியம். சொத்து பிரியும்வரை கொடுக்க விதியில் இடமுண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் 40 சதவீதம், கண்மூடி மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு. உழைப்பாளிகள்தான்.

என்ன விளைகிறது என்று கேட்காமல் கொடுத்த அந்த நேரடி மானியத்தை 2014-ல் நிறுத்தினார்கள். அதன் இடத்தில் வந்த விலைச்சரிவு உதவித்தொகையும் அதே பழைய ஏக்கர் கணக்கில்தான் பட்டுவாடா ஆகிறது.