எங்கள் வீட்டு மின்வாரியம்

கரண்ட் போனால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். டவுனில் குடியிருந்தவரை எனக்கு அந்த வசதி இருந்தது. தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத் தென்னந்தோப்பில், மின்கம்பி வந்து சேராத இடத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு சூரியனை நம்பிக் குடியேறியதும் அது போய்விட்டது. உற்பத்தி, விநியோகம், பராமரிப்பு, புகார் மையம் எல்லாம் இப்போது நானே. மிக்சி பாதியில் நின்றால் அடுக்களையிலிருந்து "ஏங்க!" என்று குரல் வரும். அந்தப் போனை எடுக்காமல் இருக்க முடியாது.

வாரியம் தொடங்குமுன் ஒரு சோலார் கடைக்குப் போனேன். "எத்தனை கிலோவாட் போடணும் அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். "எவ்வளவு போட்டால் போதும்?" என்றேன். "எவ்வளவு போட்டாலும் போதாது" என்றார். வியாபாரியின் வாயிலிருந்து வந்த உண்மை என்பதால் பயந்துபோய், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீட்டைச் சுற்றி வந்தேன்.

பேனலிலிருந்து கணக்குப் போடக்கூடாது. செலவிலிருந்து போட வேண்டும். மிக்சி 750 வாட் என்று ஊரைக் கூட்டும். ஆனால் சட்னிக்கு அது ஓடுவது பத்து நிமிடம். ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. மூலையில் சத்தமில்லாமல் நிற்கும் ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் விழுங்கும். பந்தியில் சாம்பார் கேட்டுச் சண்டை போடுகிறவரைவிட, ஒன்றும் பேசாமல் குனிந்து உட்கார்ந்திருப்பவர்தான் அதிகம் சாப்பிடுவார். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். புதிய பிஎல்டிசி ஃபேன் 30 வாட். ஆகவே பேனலுக்கு முன்னால் ஃபேனை வாங்கினோம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை மச்சினன் வீட்டுக்கு நாடு கடத்தினோம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும், வெயில் நாட்களில் பகலில் நடமாடலாம் என்ற நிபந்தனையோடு அனுமதி. எல்லாம் போக, நாளுக்கு 4 யூனிட்.

தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அப்படியானால் ஒரு கிலோவாட் போதுமே என்று நினைப்பவர் தென்காசிப் பக்கம் வந்ததில்லை. இங்கே சராசரி நாள் என்று ஒன்று கிடையாது. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. ஊரெல்லாம் குற்றாலத்தில் குளித்துக் கும்மாளம் போடும் நாளில், எங்கள் வாரியத்தில் ஃபேனா டிவியா என்று பட்டிமன்றம் நடக்கும். எனவே இரண்டு கிலோவாட்.

"அத்தான், வெயில் இல்லாட்டி என்ன? செங்கோட்டைக் கணவாய்க் காத்து அந்த நேரத்துலதானே வீசுது! சின்னதா ஒரு காத்தாடி வச்சிருவோம்" என்றான் மச்சினன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது கணவாய்க் காற்றை நம்பித்தான். ஆனால் காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். தென்னை மரங்களுக்குள் நிற்கும் காத்தாடிக்குக் கிடைப்பது அந்தப் பாதிக் காற்றும் இல்லை. மரத்துக்கு மேலே கோபுரம் எழுப்பித்தான் வைக்க வேண்டும். "வச்சிரலாம் மாப்ள. ரிப்பேர்னா ஏறுறது நீதான்" என்றேன். அன்று சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான்.

பேட்டரிக்கு இரண்டு கட்சி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் நிரப்பியதில் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம். ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். அது தண்ணீர் கேட்காது. விலையைக் கேட்டதும் நான்தான் தண்ணீர் கேட்டேன். லெட் ஆசிட் பேட்டரி, 1859-இல் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் உண்டாக்கியது. இத்தனை வருஷத்தில் அதன் நோய்கள் எல்லாம் எல்லா மெக்கானிக்குக்கும் மனப்பாடம். அதையே வாங்கினோம்: 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர், நான்கு. கணக்குப்படி 7.2 யூனிட். ஆனால் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், கைக்கு வருவது 3.6. காசு முழுதுக்கும் கொடுத்துவிட்டுப் பாதியை மட்டும் தொட வேண்டும்.

அதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கேனோடு வந்து இறங்கியதைப் பார்த்த மாமியாருக்குக் கோபம். "குற்றாலத் தண்ணியில இல்லாத சத்தா மாப்ள? மூலிகையெல்லாம் கரைஞ்சு வருது." அந்தச் சத்துதான் சிக்கல், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் பேட்டரியின் தகடுகளைக் கெடுக்கும். சத்தே இல்லாத தண்ணீரை மருமகன் காசு கொடுத்து வாங்குகிறான் என்ற செய்தி சொந்தக்காரர்கள் வரை போயிற்று.

ஹைட்ரோமீட்டர் என்றொரு கண்ணாடிக் குழல் வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்து, ரப்பர் குமிழை அமுக்கி விட்டால் ஆசிட் மேலே ஏறும். உள்ளே ஒரு மிதவை தத்தளித்து நிற்கும். 1.25-க்குப் பக்கத்தில் நின்றால் வயிறு நிறைந்திருக்கிறது, 1.15-க்கு இறங்கினால் அன்றைக்கு டிவி சீரியல் ரத்து. ஆயுத பூஜைக்குப் பேட்டரிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபின் என் மனைவி சூடத்தட்டோடு வர, வாசலிலேயே மறித்தேன். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியே வரும். அங்கே தீபாராதனை காட்டினால் சாமியை நேரிலேயே பார்க்கலாம். சூடம் முற்றத்தில் ஏற்றப்பட்டது.

மேலே, பேனல்களில் மயில்கள். முருகனின் வாகனத்தைக் கல்லெறிந்து விரட்ட மாமியார் விடமாட்டார். எச்சத்தைக் காலையில் கண்ணாடி சூடேறுமுன் கழுவ வேண்டும்; போர்த் தண்ணீரில் கழுவினால் வெள்ளைக் கறை படியும் என்பதால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறேன். ஒரு தென்னை மட்டையின் நிழல் பேனலின் ஓரத்தில் விழுந்தால்கூட உற்பத்தி படுத்துவிடும். அந்த மட்டையை வெட்ட வீட்டில் மூன்று கட்டப் பேச்சுவார்த்தை நடந்தது.

அக்னி நட்சத்திரத்தில் அறுவடை கொழிக்கும் என்பார்கள். கொழிக்காது. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரிக்குச் சொன்னது. அதற்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் கால் சதவீதத்துக்கு மேல் குறையும். சித்திரையில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும்போது அதுவும் நம்மைப் போலவே சோர்ந்து கிடக்கும். எங்களுக்கு நல்ல மகசூல் தை, மாசியில்.

கம்பி உள்ளவர்களுக்கு இலவச யூனிட் உண்டு. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அதுவும் கம்பியோடு இணைத்தவர்களுக்குத்தான். எங்கள் வாரியத்தின் நஷ்டத்தை வாரியமே ஏற்கிறது.

ஆனால் வாரியத்தில் சமீபத்தில் ஓர் ஆட்சி மாற்றம். நான் ஹைட்ரோமீட்டரோடு குனிந்துகொண்டிருந்த காலத்தில், என் மனைவி இன்வெர்ட்டர் திரையைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். பதினொரு மணிக்குப் பேட்டரி நிரம்பியதும் கிரைண்டர், அது முடிந்ததும் மோட்டார், அதன் பிறகு வாஷிங் மெஷின். ஒன்று ஓடும்போது மற்றொன்று ஓடாது. என் நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டு, மிச்சமாகும் வெயிலை அவள் மாவாகவும் தொட்டித் தண்ணீராகவும் சேமிக்கிறாள். பேட்டரி ராத்திரியில் முன்னைப்போல் இறங்குவதே இல்லை.

அதனால் தலைவர் பதவி அவளுக்குப் போய்விட்டது, நான் லைன்மேன். நேற்று ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது சட்டையை இஸ்திரி போட அனுமதி கேட்டேன். மலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"மேகம் இறங்குது. மேல துண்டைப் போட்டுட்டுப் போங்க."