பூனைக்குப் புண்ணியம் தேடும் மருமவனுக்கு

ஏல மருமவனே, ராத்திரி நீ ஃபோன்ல விட்ட பெருமூச்சு சென்னையில இருந்து தாமிரபரணிக் கரை வரைக்கும் கேட்டுச்சு. பாளையங்கோட்டையில ரெண்டு ரிட்டயர்ட் டீச்சரும் நாலு காலேஜ் பிள்ளைகளும் வாடகை மச்சுவீட்டுல பூனைக்குட்டிகளைக் காப்பாத்துதாவ, அவங்களுக்கு ‘ஏதாவது பண்ணணும் மாமா’ங்க. தாராளமாப் பண்ணு. ஏதாவதுதான? அதை இந்த ஊரே பண்ணிக்கிட்டுத்தான் கெடக்கு, நீ ஒரு ஆளுதான் பாக்கி.

நம்ம தெருவுலயே ஒரு தர்மவான் இருக்கான். கண்ணு தொறக்காத குட்டி நாலை அட்டைப்பெட்டியில போட்டு, மேல பழைய துண்டைப் போத்தி, ஊரடங்குன பொறவு அந்த மச்சுவீட்டு கேட்டுக்கு வெளிய வச்சிட்டு வந்துருவான். பெல்லு மட்டும் அடிக்கமாட்டான். தூங்குதவங்களை எழுப்பப்படாதுல்லா, அவ்வளவு இங்கிதம். பிராணியப் பட்டினியில தவிக்க விட்டுட்டுப் போறது குத்தம்னு 1960-லயே சட்டம் இருக்கு. மொத தடவைக்கு அபராதம் மிஞ்சிப்போனா 50 ரூபாய்னு எழுதி வச்சாங்க. புதுத் துண்டு அதைவிட வெலை ஜாஸ்தி. அதான் பழசாப் பாத்துப் போத்துதான்.

அந்த நாலு குட்டிக்கும் கண்ணு தொறக்க ஒரு வாரம் பத்து நாளாவும். அதுவரைக்கும் ரெண்டு மூணு மணிக்கொருக்க பால் குடுக்கணும், ராத்திரியும்தான். பசும்பால் குடுத்தா வயித்தால போயி, குட்டி சுருண்டுரும். அதுக்குன்னு தனி பவுடரு இருக்கு. இன்னொரு சங்கதி கேளு. அந்த வயசுல குட்டிக்கு ஒண்ணுக்குக்கூடத் தானாப் போகத் தெரியாது, தாய்ப்பூனை நக்கிவிடணும். தாய் இல்லன்னா, வெதுவெதுன்னு தண்ணியில பஞ்சை நனைச்சு ஒருத்தர் மெல்லத் துடைச்சு விடணும். பரீட்சைக்குப் படிக்க புள்ளை ஒண்ணு, மடியில புஸ்தகத்தையும் கையில பஞ்சையும் வச்சிக்கிட்டு விடியக்காலம் மூணு மணிக்கு உக்காந்திருக்கும். இன்ஸ்டாகிராம்ல அந்தப் பஞ்சை நீ பாத்திருக்கமாட்ட. பால் குடிக்க படம்தான் வரும். அதுவும் எப்படி? பாக்க வந்த மவராசன் குட்டிய மனுசப் பிள்ளை கணக்கா மல்லாத்திப் போட்டுப் புட்டிய வாயில வைப்பான், பால் நுரையீரலுக்குப் போயிரும். குப்புற இருந்தமேனிக்குத்தான் குடுக்கணும்லேன்னா, ‘அப்படி வச்சா மூஞ்சி தெரியலையே’ங்கான்.

பொருளாக் கொடுக்க கூட்டம் ஒண்ணு உண்டு. ஆபீஸ் பொறந்தநாள் பிரியாணிய மிச்சத்தோட தூக்கிட்டு வரும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகாது. போன மாசம் ஒரு பெரிய மனுசன் கறுப்பு பினாயில் ஒரு பெட்டி நெறையக் கொண்டாந்து இறக்கினாரு, போட்டோவும் எடுத்தாச்சு. அந்த பினாயில் பூனைக்கு வெசம்வே! தரையில மிதிக்கும், பொறவு பாதத்தை நக்கும், முடிஞ்சிது சோலி. அங்க உருப்படியா வேணுங்கது பிளீச்சிங் கரைசல்தான். குட்டிகளைக் கொத்துக் கொத்தாக் கொண்டுபோற பார்வோ மாதிரிக் கிருமி ஒண்ணு இருக்கு, தரையிலயும் துணியிலயும் ஒரு வருசம்கூட உயிரோட கெடக்கும். அதுக்கு பிளீச்சிங்தான் பதில் சொல்லும். கழுவி நல்லாக் காயவிட்டுத்தான் பூனைய உள்ள விடுவாவ. ஆனா பிளீச்சிங் பொட்டலத்தோட நின்னு போட்டோ எடுத்தா எடுப்பா இருக்காதுல்லா.

இப்ப கருத்தடைக்கு வாரேன், இதைச் சொன்னா உனக்குச் சள்ளையா இருக்கும். குட்டிக்குப் பால்னு சொல்லிப்பாரு, பத்துப் பேர் பைக்குள்ள கைய விடுவான். பெட்டைக்கு ஆபரேசன்னு சொன்னா, ‘ஐயோ பாவம், இயற்கைக்கு விரோதம்’னு அதே கைய வெளிய எடுத்துருவான். அந்த இயற்கையோட கணக்கைக் கேளு. நாலு அஞ்சு மாசத்துலயே பெட்டை சினை புடிச்சிரும். சுமக்குறது 65 நாள் சொச்சம். குட்டி பால் குடிச்சிக்கிட்டிருக்கும்போதே அடுத்த சினையும் ஆவும். குளிர் தேசத்துல பகல் சுருங்குற மாசத்துலயாவது அதுக்கு ஓய்வு உண்டு. நமக்குப் பகல் வருசம் பூராவும் ஏறத்தாழ ஒரே நீளம், ஓய்வே கெடையாது. ஆக, அந்த தர்மவானோட அட்டைப்பெட்டி வத்தணும்னா தெருப்பெட்டைக்கு ஆபரேசன் பண்ணாம முடியாது. மயக்கத்துல இருக்கும்போதே ஆபரேசன் ஆனதுக்கு அடையாளமா காது நுனியில துளி வெட்டிவிடுவாவ, மறுபடி அதே பூனையப் புடிச்சி வயித்தைக் கிழிக்காம இருக்க. அதைப் பாத்துட்டு ஒரு அம்மா தெருவுல நின்னு ‘காதை அறுத்த பாவிகளா’ன்னு அந்தப் பிள்ளைகளை வஞ்சிச்சி பாரு! அவ்வளவு எரக்கமுள்ள அம்மா. அது வீட்டுப் பெட்டை வருசத்துக்கு மூணு தடவை ஈனுது; குட்டியெல்லாம் எங்க போவுதுன்னு கேட்டா எரக்கம் வீட்டுக்குள்ள போயிரும்.

சரி, நீ குடுக்கதுக்கு வருவோம். 200 ரூபாய் குடுத்துட்டு வரிச்சலுகைக்கு 80ஜி ரசீது உண்டாமான்னு கேட்டியாமே, டீச்சரம்மா சொல்லிச் சிரிச்சாவ. புது வரிமுறையில இருக்க உனக்கு அந்த ரசீதைச் சட்டம்போட்டு மாட்டத்தான் ஆவும். பணத்தை மாசாமாசம் குடு. சினிமா பாக்க பேங்க்ல இருந்து தானாப் போவுதுல்லா, அந்த வரிசையிலயே இதையும் சேத்து விடு. அம்பதோ நூறோ, நிக்காம வந்தாத்தான் அடுத்த மாசம் எத்தனை பெட்டைக்கு நாள் குறிக்கலாம்னு அவங்களுக்குப் புரியும். கோடி ரூபாய் குடுப்பேன்னு சொல்லுதவனை நம்பி டாக்டர்கிட்ட நாள் கேக்கமுடியாது. வீட்டுல ஒரு அறை சும்மாத்தான கெடக்கு, ரெண்டு குட்டிய ஊசி போட்டு முடியற வரைக்கும் வச்சிக்கிடேன். உன் பொண்டாட்டி சம்மதத்தை நான் வாங்கித்தாரேன், அவளுக்கு உன்னைவிட வெவரம் உண்டு.

பொங்கலுக்கு ஊருக்கு வரயில வண்டிச் சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் படுத்துத் தூங்கலாம்னு பாக்காத. ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குப் பூனைகளைக் கொண்டுபோவ ஆளில்லாம, அந்தப் பிள்ளைக கூடையத் தூக்கிக்கிட்டு டவுன் பஸ்ஸுல ஏறி கண்டக்டர்கிட்ட ஏச்சு வாங்குதுக. காலையில ரெண்டு நடை நீ ஓட்டு. அதுல கறுப்புப் பெட்டை ஒண்ணு இருக்கு, உங்கம்மா கண்ணுல காட்டிராத, சகுனம்னு வண்டிய வீட்டுக்குத் திருப்பச் சொல்லுவா. கூடைக்கு மேல துண்டைப் போட்டு மூடிக்கோ. இருட்டா இருந்தா பூனையும் கத்தாது.