செட்டிகுளம் கைக்குழந்தைகளுக்கு ஒரு சுற்றறிக்கை

பெரம்பலூர் மாவட்டச் செட்டிகுளத்திலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் தூளியில் கிடக்கும், பதினைந்து மாதம் நிரம்பாத சகல பிரஜைகளுக்கும் அறிவிப்பது யாதெனில்:

உங்கள் அம்மாமார்களின் பிரசவ விடுப்பு முடிந்துவிட்டது. நாளை விடிவதற்கு முன் கம்பெனி வேன் வரும். இனி வேலை நேரத்தில் நீங்கள் இரண்டு முறை மட்டுமே பசிக்க அனுமதிக்கப்படுகிறீர்கள். இது நாங்களாகப் போட்ட கணக்கல்ல. வழக்கமான ஓய்வு போக, பாலூட்ட இரண்டு இடைவேளை என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் எழுதிவைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. அந்த இரண்டு மட்டும் கரையவில்லை.

இடைவேளை மணி அடித்ததும் அம்மா தயாராகத்தான் இருக்கிறார். நீங்கள்தான் வந்து சேருவதில்லை. அவர் இருப்பது செருப்புத் தொழிற்சாலையில், நீங்கள் கிடப்பது அப்பாயி மடியில். சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. ஆஜராகாத குற்றம் உங்களுடையது. பால் கட்டிக்கொண்டு அவர் கழிவறையில் பீய்ச்சிவிட்டு வருவதற்கும் நீங்களே பொறுப்பு.

விடுப்பு 26 வாரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துக்கொண்டவருக்கு மிச்சம் 18 வாரம். அதாவது, வேன் ஏறும் நாளில் உங்களுக்கு நான்கு மாதம் சொச்சம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருக்கும் அதே அரசாங்கம்தான் இந்தக் கழித்தலையும் போட்டது. நடுவில் வரும் மாதங்களில் நீங்கள் அந்தச் சுவரை நக்கிக்கொள்ளலாம்.

அரசு ஊழியரின் குழந்தையைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். அதற்கு அம்மா ஒரு வருடம் வீட்டில் இருப்பார். 2021 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் அப்படி ஆணை. நியாயமான ஆணைதான். ஆனால் அரசுக்குத் தன் அலுவலகத்தில் பிறக்கும் பசி மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது.

காப்பகம் இல்லையா என்று யாரோ அழுவது கேட்கிறது. உண்டு. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். தாய் நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கலாம். 2017 திருத்தம் தந்த வரம் இது. நான் பார்த்த ஒரு காப்பகத்தில் சுவரில் மிக்கி மவுஸ் சிரித்தது, தரையில் அட்டைப்பெட்டிகள் தூங்கின. சரி, தங்கத்தால் தொட்டில் கட்டியே வைக்கட்டும். நான்கு மாதக் குழந்தையை விடிவதற்கு முன் எழுப்பி, உட்கார இடமில்லாத வேனில் யார் தூக்கிப் போவது?

கோளாறு காப்பகத்தில் மட்டும் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் தாமதமாக வரவா, ஷிப்டை ஆறு மாதம் மாற்றித் தருகிறீர்களா என்று உரிமையோடு கேட்க அம்மாவுக்குச் சட்டத்தில் இடமில்லை. சூப்பர்வைசரிடம் கெஞ்சலாம். அவர் மனமிரங்கினால் கருணை, இரங்காவிட்டால் டார்கெட். பிரிட்டனில் சிறு குழந்தையின் பெற்றோர் வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை 2003இலேயே வந்தது. முதலாளி மறுக்கலாம்தான், ஆனாலும் காரணம் சொல்லியாக வேண்டும். இங்கே நம் சட்டம் தந்த சலுகை, வேலையின் தன்மை இடம்கொடுத்து முதலாளியும் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்பது. கணினிக்காரருக்கு உதவும். செருப்புத் தைப்பவர் கன்வேயர் பெல்ட்டைத் திண்ணைக்கு இழுத்துவர வேண்டும்.

நம்மூர் மலை மேல் கரும்பு பிடித்து நிற்கும் முருகனுக்குக் கொடுத்துவைத்திருந்தது. பாலூட்ட ஆறு கார்த்திகைப் பெண்கள். மூன்று ஷிப்டு, ஷிப்டுக்கு இரண்டு பேர். ஆள் பற்றாக்குறையே இல்லை.

வெங்காயக் காட்டுக்குப் போகிறவளுக்கு இந்த 26 வாரமும் கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான, 18,000 ரூபாய் மதிப்புள்ள மகப்பேறு உதவி வந்து சேர்ந்தால் அரசின் கணக்கு தீர்ந்தது. கூலி வேண்டுமென்றால் பச்சை உடம்போடு குனிய வேண்டும். ஆனாலும் அவள் வேப்பமரத்தில் சேலையைத் தூளி கட்டி, குழந்தை வீறிட்டால் பாத்தியை விட்டு எழுந்து போகிறாள். சட்டம் எட்டிப்பார்க்காத காட்டில் கிடைக்கும் அந்த ஒன்று, சட்டப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் தொழிற்சாலையில் கிடைப்பதில்லை. எந்த நாட்டு முன்னேற்றம் இது?

சுற்றறிக்கை முடிந்தது. இனி பெரியவர்களுக்கு.

வேலை நேரத்தில் கைவைக்க நம் சட்டமன்றத்துக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தபோதும், குரல் வாக்கில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்த பிறகுதான் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். நேரத்தைக் கூட்ட அத்தனை அவசரம் காட்டத் தெரிந்தவர்களுக்குக் குறைக்க மட்டும் ஏன் கை வரவில்லை?

பெரம்பலூர், குன்னம் தொகுதிகளில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள்: பிரசவம் முடிந்து திரும்பும் பெண்ணுக்கு, குழந்தையின் பதினைந்து மாதம் வரை, சம்பளம் வெட்டாமல் குறைந்த வேலை நேரமும் பகல் ஷிப்டும் உரிமையாக எழுதிக் கொடுப்பீர்களா? முடியாது என்றால், கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிப் படம் எடுக்க விடாதீர்கள்.