எந்தக் கதவுக்குய்யா?

திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் என் பெரியப்பா வைத்திருந்த பூட்டுக்கடையில் வியாபாரம் இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமான அந்த வருடங்களில், பள்ளிக்கூடம் விட்டால் நான் அந்தக் கடைத் திண்ணையில்தான் கிடப்பேன். வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஆட்கள் வருவார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் போட்டுவிட்டு, கையில் காசோடு பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு.

"வீட்டு வாசக் கதவுக்குண்ணே" என்றால் ஒரு பூட்டு. "மோட்டார் ரூமுக்கு" என்றால் வேறு. வெங்காய குடோனுக்கு என்றால் பெரியப்பா மேல் தட்டுக்குக் கையை நீட்டிக் கனமானதை இறக்குவார். அடுத்து, நாதாங்கி எவ்வளவு தடிமன் என்று கேட்பார். விவரம் தெரிந்தவர்கள் அதை நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருப்பார்கள். வீட்டில் எத்தனை பேர் சாவி வைத்துக்கொள்வீர்கள் என்பது மூன்றாவது கேள்வி. இவ்வளவுக்கும் பிறகே மாங்காய்ப் பூட்டு வாடிக்கையாளரின் கைக்குப் போகும். அவர் சாவியைப் போட்டுத் திருப்புவார், காதருகே வைத்துக் கேட்பார், இன்னொரு தடவை திருப்புவார்.

அந்தத் திருப்பலில் என்ன இருக்கிறது என்பதைப் பெரியப்பா ஒரு பூட்டைப் பிரித்துக் காட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக லீவர் தகடுகள் அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டை அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. லீவர் கூடக் கூடக் கள்ளச்சாவி போடுவது கடினமாகும். கையால் அராவிச் செய்த பூட்டு என்பதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. கடைக்கு வருகிறவரிடம் இதை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எவருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும் என்ற அந்த வரிசையைத்தான் பின்னால் நான் என் தொழிலின் முதல் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

இணையம் இந்தியாவில் பொதுமக்களுக்குத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15இல். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் சேர இன்னும் சில வருடம் பிடித்தது. அப்படியொரு சென்டரில் வேலைக்குச் சேர்ந்த நான், கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவனாக மாறினேன். அன்றைய பக்கங்களின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். மேலே 'வெல்கம்' என்ற எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். அதன் கீழே நிறுவனரின் படமும் நிறுவனம் வளர்ந்த கதையும். பூட்டுக்கடை என்றால் ஓரத்தில் ஒரு பூட்டு தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அடியில், இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண். தமிழில் எழுதியிருந்தால் அதற்குரிய எழுத்துருவை முதலில் இறக்க வேண்டும், இல்லையென்றால் திரை முழுக்கப் புரியாத குறிகள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தார்கள். ஆனாலும் யூனிகோடு பரவலாகும் வரை, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த வாடிக்கையாளருக்கு இந்தப் பக்கங்களின் வாசல் திறக்கவேயில்லை.

கோயம்புத்தூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் அப்படியொரு பூட்டுக்கடையின் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன அளவு இருக்கிறது, டஜன் என்ன விலை, எப்போது லாரியில் ஏறும் என்பதுதான் அவர் தேடுவது. பக்கமோ முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தபடி எழுதப்பட்டது. வாசலிலிருந்து உள்ளே பார்க்கிறவருக்கு அதில் எதுவும் இல்லை. தொலைபேசி எண்கூடக் கடைசிப் பக்கத்தில் ஒரு படத்துக்குள் இருந்தது.

வாசகர்கள் திரையில் வரி வரியாகப் படிப்பதில்லை, கண்ணால் மேய்ந்துவிட்டு வேண்டியதை மட்டும் பொறுக்குகிறார்கள் என்று வலைத்தளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேரைப் பயன்படுத்தச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும் என்று 2000இல் அவர் எழுதியது, என் வேலையை மாற்றிய கருத்து. செலவில்லாத வழி அது. எந்தச் சிறு கடைக்காரரும் செய்யலாம்.

இப்போது எல்லாம் கைபேசிக்கு வந்துவிட்டது. 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபின், எங்கள் ஊர்ச் சுமைதூக்கும் தொழிலாளியும் திரையில் விலை பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருடம்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்து வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பூட்டைத் தேடுகிறவர்கள் உண்டு. உத்தரப் பிரதேசத்து அலிகாரின் இயந்திரப் பூட்டுகளின் விலையோடு மோத முடியாமல் தேய்ந்த தொழில் இது. இப்படித் தேடி வருகிற ஒவ்வொருவரும் நல்லாம்பட்டியில் பட்டறை வைத்திருப்பவருக்கு ஒரு வேளைச் சோறு. தேடி வருகிறவரைத் திரும்பிப் போகவைக்கும் பக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அன்றைய ஓடும் எழுத்துப் போய்விட்டது. அதன் இடத்தில், பக்கம் திறந்த மறுநொடி ஒரு தள்ளுபடிப் பெட்டி வந்து மறைக்கிறது. மூடும் குறி கட்டைவிரலுக்கு அகப்படாத அளவு சிறியது. விலையைக் காட்டுவதற்கு முன் கைபேசி எண்ணைக் கேட்கிறார்கள். கேமராவில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றுகிறார்கள். சிறுமலை ஏற்றத்தில் டவர் விட்டுவிட்டுக் கிடைக்கிற இடத்தில் அது இறங்குவதற்குள் ஆள் போய்விடுவார். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்று கூகுள் அளவு வைத்திருக்கிறது. வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்து அழகு என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வேறுபாடு வேண்டும் என்பது உலக வலைத்தரம். நடுமதிய வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று படிப்பவருக்கு அந்த எண்ணின் அருமை தெரியும்.

நாகல் நகரில் ஒரு சிறிய பூட்டுக்கடைக்குச் சமீபத்தில் பக்கம் செய்து கொடுத்தேன். திறந்ததும் நான்கு படங்கள்: வீட்டு வாசல், கடை ஷட்டர், குடோன், கோயில் உண்டியல். எந்தக் கதவு என்பதைத் தொட்டால் அதற்கேற்ற பூட்டுகள் மட்டும் வரும். ஒவ்வொன்றும் அளவுகோலின் பக்கத்தில் வைத்து எடுத்த படம். வளையத்தின் தடிமன் மில்லிமீட்டரில், எடை கிராமில், லீவர் எத்தனை, சாவி எத்தனை, ஜிஎஸ்டியும் கூரியரும் சேர்த்த மொத்த விலை. தொட்டால் அழைப்புப் போகிற எண், எல்லாப் பக்கத்திலும் அடியில் பெரிதாக. பூட்டு திறக்கும் சத்தத்தையும் பதிவு செய்து வைத்தோம்.

பிறகு கைபேசியைக் கடைக்கு வந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றேன். இந்தப் பேசாமல் நிற்பதுதான் கஷ்டம். "அங்க தொடுங்கண்ணே" என்று வாய் வந்துவிடும். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர் பூட்டின் படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். சாவித்துவாரம் அடியிலா பக்கவாட்டிலா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நாங்கள் பூட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்கவேயில்லை. எடுத்துச் சேர்த்தோம். சின்னாளபட்டியிலிருந்து வந்த ஒரு ஆத்தா விலையையெல்லாம் விட்டுவிட்டுக் கேட்டார்: "சாவி தொலஞ்சா யாருப்பா வந்து செஞ்சு குடுப்பா?" அந்தக் கேள்விக்கு நான் பார்த்த எந்தப் பெரிய நிறுவனத்தின் பக்கத்திலும் முதல் திரையில் பதில் இல்லை. கடைக்காரர் உடனே சொன்னார், பூட்டைக் கொண்டுவந்தால் பட்டறையில் பிரித்துப் புதுச்சாவி அராவிக் கொடுப்போம் என்று. அதையே அவர் வாய்ச்சொல்லாகப் பக்கத்தில் போட்டோம். அதற்குப்பின் போனில் வருகிற கேள்விகளில் பாதி குறைந்ததாகக் கடைக்காரர் சொல்கிறார்.

இன்னும் ஒரு சிக்கல் இருப்புக் கணக்கு. கைவேலை என்பதால் பூட்டு நினைத்தபோது வராது. ஆசாரி வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் அந்த வாரம் பட்டறை ஓடாது. 'இருக்கிறது' என்று காட்டிப் பணம் வாங்கிவிட்டு, இல்லையென்று திருப்பி அனுப்பினால் அந்த ஆள் மறுபடி வரமாட்டார். அதனால் தினமும் சாயங்காலம் பட்டறையிலிருந்து எண்ணிக்கை வாட்ஸ்அப்பில் வருகிறது, பக்கத்தை அதற்குத் தகுந்தபடி திருத்துகிறேன். இன்றைக்குக் குடோன் பூட்டு தீர்ந்துவிட்டது. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்கு மேல்தான் கிடைக்கும், காத்திருக்க முடியுமென்றால் பெயர் பதிந்துவையுங்கள் என்று போட்டிருக்கிறோம். ஆட்கள் பதிந்துகொண்டிருக்கிறார்கள்.