நூற்றெட்டு போற்றி

மாண்புமிகு நிர்வாகப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு, மூன்றாம் மாடி இரவு ஷிப்ட் ஊழியன் 108 முறை விழுந்து வணங்கி எழுதிக்கொள்வது.

தாங்கள் அனுப்பிய மெமோ கிடைத்தது. தடை செய்யப்பட்ட தளத்துக்குள் செல்போனை எடுத்துவந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்கம் என்ன பெரிய விளக்கம், அர்ச்சனையாகவே செய்துவிடுகிறேன்.

விடியற்காலை செக்யூரிட்டி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எங்கள் செல்போன்கள் எல்லாம் கீழே லாக்கரில். மேசைத் தொலைபேசியில் 108 அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. "இட்லி முடிஞ்சிருச்சு சார், பொங்கல் சொல்லட்டுமா?" கேன்டீனின் எக்ஸ்டென்ஷன் 108 என்பது அப்போதுதான் தெரிந்தது. தமிழ்நாடே 2008 முதல் ஆம்புலன்ஸுக்கு அழைக்கும் எண்ணைப் பொங்கலுக்குத் தந்த வள்ளலே, போற்றி!

நாடு முழுவதற்கும் பொதுவான அவசர எண் ஆயிற்றே என்று 112 அழுத்தினேன். அது தங்கள் அறை. தாங்கள் இருக்கையில் இல்லை என்று தங்கள் குரலே சொன்னது. போலீஸின் 100 எம்.டி.க்கும், தீயணைப்பின் 101 ஹெச்.ஆருக்கும் போயிருக்கிறதாம் (ஹெச்.ஆர். எந்தத் தீயை அணைத்தது?). எக்ஸ்டென்ஷன்களை 1-இல் தொடங்காதீர்கள், அவசர எண்களோடு மோதும் என்று ஒயர் இழுக்க வந்த பையன்கூடச் சொல்லியிருப்பான். நூறு ராசியான எண் என்று கண்ட ஜோதிடமே, போற்றி!

வெளியே பேச முதலில் 0 போடணும் என்று யாரோ கத்தினார்கள். போட்டேன். இந்த எக்ஸ்டென்ஷனுக்கு வெளி அழைப்பு வசதி இல்லையாம். அந்த வசதி மேனேஜர்களின் அறைகளில் இருக்கிறது, அறைகள் இரவில் பூட்டியிருக்கின்றன. 108-க்கோ காசே கிடையாது. இலவசத்திலும் மிச்சம் பிடித்த சிக்கனமே, போற்றி!

கடைசியில் ரிசப்ஷன் போனிலிருந்து ஒருவர் 108-ஐப் பிடித்துவிட்டார். எந்த கேட் என்று கேட்க டிரைவர் திருப்பி அழைத்திருக்கிறார். வெளியே காட்டுவது ரிசப்ஷன் எண் அல்லவே, கம்பெனியின் போர்டு எண். "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. விற்பனைக்கு 1 அழுத்தவும்." பிறகு புல்லாங்குழல். நான் லாக்கருக்கு ஓடி, செல்போனில் மறுபடி அழைத்து, மூச்சு விடுகிறாரா என்று அவர்கள் கேட்கக் கேட்கப் பார்த்துச் சொல்ல அதை மாடிக்கு எடுத்துவந்தேன். குற்றம் அதுதான்.

ஒரு மனுஷன் தரையில் வேர்த்துக் கொட்டிக் கிடக்கிறான், ஆம்புலன்ஸ் கேட் தெரியாமல் நிற்கிறது, நீங்கள் பாட்டுப் போடுகிறீர்கள்! அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்கு வருஷாவருஷம் ஏ.எம்.சி. கட்டுகிறீர்களே, அவசர எண்களைத் திறந்துவிடச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லையா? அவர் செத்திருந்தால் எனக்கு மெமோ, அவருக்கு மலர்வளையமா?

மன்னிக்கவும். 108 முறை மன்னிக்கவும்.

நம் வாடிக்கையாளர்கள் அமெரிக்கர்கள் என்பதால் அவர்கள் ஊர்க் கதை ஒன்று. 2013 டிசம்பரில் டெக்சாஸின் மார்ஷல் நகரத்து விடுதி அறையில் காரி ஹண்ட் என்ற பெண் கொல்லப்பட்டார். அவருடைய 9 வயது மகள் 911-ஐத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். வெளி லைனுக்கு முன்னால் இன்னொரு 9 போடவேண்டும் என்று குழந்தைக்கு யார் சொன்னது? தாத்தா விடாமல் போராடினார். 2018-இல் காரி பெயரிலேயே சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அங்கே விற்கிற, பொருத்துகிற அலுவலகத் தொலைபேசி அமைப்புகளில் முன்னால் எதுவும் போடாமல் 911 நேரே போகவேண்டும். யாரோ அழைத்திருக்கிறார்கள் என்று அந்தக் கட்டடத்தின் வரவேற்பு மேசைக்கோ பொறுப்பாளருக்கோ அந்தக் கணமே தகவலும் போகவேண்டும். அவர்கள் மேசையில் 911, நம் மேசையில் பொங்கல். சமத்துவமே, போற்றி!

அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், தேறிவருகிறார். தாங்களும் சும்மா இருக்கவில்லை. நேற்று ஒவ்வொரு தொலைபேசியிலும் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று: 'அவசர உதவிக்கு 0-108. வெளி அழைப்பு அனுமதிக்கு 112.'

அழைத்துப் பார்த்தேன். தாங்கள் இன்னும் இருக்கையில் இல்லையாம்.

இப்படிக்கு,
எக்ஸ்டென்ஷன் 347
(உள் அழைப்புகளுக்கு மட்டும்)