தேனீ கொட்டினால் முழுசாக வீங்குவது எப்படி?

1. ஏற்காட்டில் ஏதாவது ஒரு காப்பித் தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையுங்கள். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களை அண்ணாந்து பாருங்கள். தேனடை தெரிந்தால் கல்லை எடுங்கள். எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள். குறி பார்த்தாவது எறியுங்கள்.

2. கொட்டியதும் அங்கேயே நின்று கையை வீசுங்கள். கொடுக்கிலிருந்து வாழைப்பழ வாசனை கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அதுதான் தாக்குதல் அழைப்பு. விருந்தாளி வரும்போது ஓடுவது மரியாதையா?

3. கொடுக்கை எடுக்காதீர்கள். தேனீ போன பிறகும் அதிலுள்ள நஞ்சுப்பை தானாகத் துடித்து நஞ்சை இறக்கும்; ஒரு நிமிடத்துக்குள் பெரும்பகுதி உள்ளே போய்விடும். நகத்தால் வழித்தெறிய ஒரு நொடி போதும். அந்த நொடியில் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பெரியப்பா பதில் சொல்லட்டும்.

4. உள்ளே மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடும். நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரியும்: சிவப்பு, சூடு. அவற்றின் சுவர் கசிந்து நீர் வெளியேறும்: வீக்கம். நரம்பு முனைகள் சீறும்: வலி. அழற்சியின் இந்த நான்கு அறிகுறிகளையும் செல்சஸ் என்ற ரோமானியர் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார். கசிந்த வழியாக வெள்ளையணுக்கள் வந்து துப்புரவு செய்யும். உடம்பு ஒழுங்காக வேலை பார்க்கிறது, சும்மா விடலாமா? சொறியுங்கள். தேனீ கொண்டுவராத கிருமியை உங்கள் நகக்கண் கொண்டுவரும்.

5. சோப்பு, தண்ணீர், ஐஸ் எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு தடவுங்கள், அதன்மேல் பற்பசை, அதன்மேல் காப்பித்தூள். கலெக்டர் காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பி கொண்டுவந்தது வேறு எதற்கு?

6. மறுநாள் வீக்கம் கூடும். பெரும்பாலும் அது கிருமி இல்லை, அதே அழற்சிதான். இரண்டு நாள் ஏறிப் பிறகு வடியும். ஆகவே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாத்திரை போட்டுவிட்டு மிச்சத்தை ஃப்ரிட்ஜ் மேல் வையுங்கள். அடுத்த வீட்டுக்காரருக்கு உதவும்.

7. இது மேல்நிலைப் பாடம். மறுநாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிலருக்குக் கொட்டிய சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடிக்கும், நாக்கும் தொண்டையும் வீங்கும், மூச்சு இழுக்கும். கொட்டிய இடத்தில் நடந்த கசிவு இப்போது உடல் முழுக்க நடக்கிறது. ரத்த அழுத்தம் சரிகிறது. தொடையில் அட்ரினலின் ஊசி போட்டால் குழாய்கள் சுருங்கும், மூச்சு திறக்கும். ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, 108 இருக்கிறது. அவற்றைத் தொந்தரவு செய்யாதீர்கள். "நமக்குத் தெரிஞ்ச டாக்டர் சேலத்துல இருக்கார்" என்று சொல்லி, மிளகு வாங்கிக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நிதானமாக இறங்குங்கள். நடுவில் வண்டியை நிறுத்தி, டீயா காப்பியா என்று மூச்சு இழுப்பவரிடமே கேளுங்கள்.