எலி வளையில் ஒரு சர்வர்

மன்னார்குடி வாசகர்: ‘செல்ஃப்-ஹோஸ்டிங்’ என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லவும்.

எலி வளையானாலும் தனி வளை.

(ஒரு வரி போதாதவர்களுக்கு: உங்கள் போட்டோ, கோப்பு, பாட்டு, பாஸ்வேர்டு எல்லாம் ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் குடியிருக்காமல், உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் கம்ப்யூட்டரில் குடியிருப்பது. வாடகை கிடையாது. குழாய் ஒழுகினால் ஹவுஸ் ஓனரைத் திட்டவும் முடியாது.)

கோவை வாசகி: பெரிய கம்பெனிகளே இலவசமாகத் தரும்போது இந்தத் தலைவலி எதற்கு?

ஆர்குட்டில் உங்களைப் புகழ்ந்து யாராவது டெஸ்டிமோனியல் எழுதியிருந்தால், இப்போது போய்ப் படித்துப் பாருங்களேன். 2014 செப்டம்பர் 30-ல் கடையைச் சாத்திவிட்டார்கள். கூகுள் ரீடர் 2013-லும் பிக்காசா 2016-லும் போயின. கூகுள் போட்டோஸில் ‘அளவில்லாமல் போட்டுக்கொள்’ என்ற சலுகை 2021 ஜூன் 1-ல் முடிந்தது. அதன்பின் ஏற்றியதெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேர்ந்தது. முன்கூட்டியே சொன்னார்கள், சாமான்களை எடுத்துக்கொண்டு போக வழியும் செய்தார்கள். குறை சொல்வதற்கில்லை. ஆனால் எப்போது காலி செய்வது என்று முடிவு செய்தது குடியிருந்தவர் அல்ல.

தென்காசி ஓய்வுபெற்ற ஆசிரியர்: லினக்ஸ் என்றாலே கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டுமாமே? எனக்கு வயது 67.

உங்களிடம் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் பல வருஷமாக லினக்ஸோடுதான் குடித்தனம் நடத்துகிறீர்கள். அதன் அடிமடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். கறுப்புத் திரை எங்கே வந்தது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றது. அதனால் ஓய்வுபெறச் சொல்லப்பட்ட நல்ல கம்ப்யூட்டர்கள் நாட்டில் நிறைய. உங்களுடையதும் அந்த ரகம் என்றால் லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிடலாம், பெண் பார்த்துவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்று கிளம்பிவிடுவதைப்போல. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும்.

திருச்சி வாசகர்: லினக்ஸைக் கண்டுபிடித்தது லினஸ் டோர்வால்ட்ஸா, ரிச்சர்ட் ஸ்டால்மனா? நண்பருடன் ஐந்நூறு ரூபாய் பந்தயம்.

கல்யாணச் சமையலுக்குப் பாத்திரம், கரண்டி, மளிகை எல்லாம் வந்து இறங்கிவிட்டன. அடுப்பு மட்டும் வரவில்லை. இதுதான் 1983-ல் குனு என்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த ஸ்டால்மனின் நிலைமை. 1991 ஆகஸ்ட் 25-ல் ஹெல்சிங்கியிலிருந்து 21 வயது மாணவன் ஒருவன், பொழுதுபோக்காக ஓர் அடுப்பு கட்டுகிறேன், பெரிதாக ஒன்றும் வராது என்று எழுதினான். அந்த அடுப்புதான் லினக்ஸ் கெர்னல். இன்று உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் அதில்தான் கொதிக்கின்றன.

விருந்துக்கு அடுப்பின் பெயரை மட்டும் வைத்துவிட்டார்களே என்று ஸ்டால்மனுக்கு வருத்தம். ‘குனு/லினக்ஸ்’ என்றே சொல்லுங்கள் என்பார். பந்தயப் பணத்தில் இருவரும் டிபன் சாப்பிடுங்கள்.

யாழ்ப்பாணம் வாசகர்: ‘கட்டற்ற மென்பொருள்’ என்றால் காசற்ற மென்பொருளா?

இல்லை. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் ஸ்டால்மன் இத்தனை வருஷமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தமிழுக்கு அந்தச் சங்கடம் இல்லை. கட்டு வேறு, காசு வேறு.

கட்டு எது என்பதற்கு ஒரு கதை: ஸ்டால்மன் வேலை பார்த்த எம்.ஐ.டி. ஆய்வகத்தில் புதிதாக வந்த லேசர் பிரிண்டர் அடிக்கடி காகிதத்தைக் கவ்விக்கொள்ளும். பழைய பிரிண்டரில், சிக்கினால் எல்லோருக்கும் தகவல் வரும்படி ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய பிரிண்டரின் மூல நிரலைக் கேட்டபோது தர மறுத்துவிட்டார்கள். பழுது என்ன என்று தெரியும், பார்க்கத் தெரிந்த ஆளும் பக்கத்திலேயே நிற்கிறார், தொடக்கூடாது. அந்தக் கோபத்துக்கும் குனுவில் பங்குண்டு.

மென்பொருளை ஓட்ட, படித்து மாற்ற, பிறருக்குத் தர, மாற்றியதையும் தர: இந்த நான்கு சுதந்திரங்களும் இருந்தால் கட்டற்றது. விலைக்கு விற்கத் தடையில்லை. இதில் பாகப்பிரிவினையும் சுலபம். 2018-ல் எம்பி என்ற மீடியா சர்வர் தன் மூல நிரலை மூடிக்கொண்டபோது, அதுவரை திறந்திருந்ததை எடுத்துக்கொண்டு சிலர் தனிக்குடித்தனம் போனார்கள். ஜெல்லிஃபின் பிறந்தது. நிலத்தைப் பிரித்தால் ஆளுக்குப் பாதி. நிரலைப் பிரித்தால் ஆளுக்கு முழுசு.

சேலம் வாசகர்: பழைய டெஸ்க்டாப்பைச் சர்வராக்கி இரவு பகலாக ஓடவிடலாம் என்கிறேன். கரண்ட் பில் ஏறும் என்கிறாள் மனைவி.

ஏறும். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.44 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86. தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் 86-ஐ உங்கள் போட்டோ ஆல்பமே குடித்துவிடும். ஃபேனும் ஃப்ரிட்ஜும் மிச்சத்துக்கு அடித்துக்கொள்ளும்.

பழைய லாப்டாப் 15 வாட் என்றால் 22 யூனிட்தான். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் கரண்ட் போனாலும் கவலையில்லை (உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்). ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் 5 வாட் இழுத்தால் 7 யூனிட். வீட்டம்மாவிடம் மன்னிப்புக் கேட்க செலவே இல்லை.

மதுரை வாசகி: எதில் தொடங்கலாம்?

எது போனால் அழமாட்டீர்களோ அதில். முதலில் ஜெல்லிஃபினில் சினிமா. மூன்று மாதம் ஒழுங்காக ஓடினால் நெக்ஸ்ட்கிளவுடில் கோப்புகள். பிறகு இம்மிச்சில் போட்டோக்கள், பழைய இடத்தை உடனே காலி செய்யாமல். பாஸ்வேர்டு கடைசியில். நீச்சலைக் கிணற்றின் ஆழமான பக்கத்தில் ஆரம்பிப்பவர்கள் குறைவு. ஆரம்பித்துவிட்டுக் கேள்வி அனுப்புபவர்கள் இன்னும் குறைவு.

தாம்பரம் வாசகர்: வீட்டுக்குள் சர்வர் அருமையாக வேலை செய்கிறது. ஆபீஸிலிருந்து எட்டவே மாட்டேன் என்கிறது!

உங்களுக்கென்று தனி முகவரி இருக்காது. பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி, உலகத்துக்கே. அதனால் இணைய இணைப்பு தரும் பல நிறுவனங்கள் நூறு வீட்டுக்கு ஒரே முகவரியைக் கொடுத்துச் சமாளிக்கின்றன. உள்ளேயிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வருபவருக்கு அப்பார்ட்மென்ட் பெயர் தெரியும், கதவு எண் தெரியாது. வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார்.

டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றைப் போடுங்கள். வீட்டையும் போனையும் அறிமுகம் செய்துவைத்துவிட்டுப் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும் கல்யாணத் தரகர் அது. வீதியைப் பார்த்துக் கதவைத் திறந்துவைப்பதைவிட இது பத்திரம்.

ஈரோடு வாசகர்: மெயில் சர்வரையும் வீட்டிலேயே வைக்கலாமா?

தாராளமாக. நீங்கள் அனுப்பும் மெயில் கட்டாயம் போய்ச் சேரும், ஸ்பாம் பெட்டிக்கு. முன்பின் தெரியாத வீட்டு முகவரியிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய தபாலாபீஸ்கள் நம்புவதில்லை. இது ஒன்றை மட்டும் காசு கொடுத்து வெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி வாசகர்: மூல நிரலை எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே?

பார்ப்பான். ஒருபடி மேலே போய் வேலைக்கே சேர்ந்திருக்கிறான். பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்னக் கருவியை ஒரே ஒருவர் களைத்துப்போய்ப் பராமரித்துக்கொண்டிருந்தார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து, சாவியை வாங்கி, கடைசியில் ஒரு கள்ளவாசலைப் பதித்தார்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் ஆவதற்கு அரை விநாடி கூடுதலாகிறதே என்று நோண்டி, 2024 மார்ச் 29-ல் குட்டை உடைத்தார். பெரும்பாலான சர்வர்களை அது எட்டியிருக்கவில்லை. நிரல் திறந்திருந்ததால்தான் தோண்ட முடிந்தது. ஆனால் எல்லோரும் பார்க்கலாம் என்பது வேறு, யாராவது பார்க்கிறார்கள் என்பது வேறு. கோயில் பொதுச்சொத்துதான், விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஓர் ஆள் வேண்டும். உங்கள் பங்கு எண்ணெய்: அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள், முடிந்தால் பராமரிப்பவருக்குக் கொஞ்சம் நன்கொடை அனுப்புங்கள்.

நாகர்கோவில் வாசகர்: ரெய்டு முறையில், ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும்படி இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டிருக்கிறேன். தனியாக பேக்கப் வேண்டுமா?

ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அதே நொடியில் அழியும். அது பேக்கப் அல்ல, உடன்கட்டை.

1998-ல் பிக்ஸாரில் யாரோ தவறான இடத்தில் அழிப்புக் கட்டளையைத் தட்ட, ‘டாய் ஸ்டோரி 2’ படம் கண்ணெதிரே கரைந்தது. ஆபீஸ் பேக்கப்பைத் திறந்தால் அதுவும் ஒழுங்காக இல்லை. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கை. எலிகூடத் தன் வளையை ஒரே வாசலோடு நிறுத்துவதில்லை.

காரைக்குடி வாசகி: என் கணவர் எங்கள் இருபது வருஷப் போட்டோக்களை வீட்டு சர்வரில் வைத்திருக்கிறார். அவருக்கு மட்டும்தான் திறக்கத் தெரியும். நான் பயப்படுவது சரியா?

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி. அவரிடம் ஒரு தாள் கொடுங்கள். எந்தப் பெட்டி, எந்த பாஸ்வேர்டு, பேக்கப் டிஸ்க் எங்கே, யாரைக் கூப்பிடுவது என்று தமிழில் எழுதச் சொல்லி, பீரோவில் ரேஷன் கார்டோடு வையுங்கள். பிறகு அவரை ஒரு நாள் போனில்லாமல் வெளியே அனுப்பிவிட்டு, தாளைப் பார்த்து உங்கள் கல்யாண போட்டோவை எடுங்கள். வராவிட்டால் தாளைத் திருத்தி எழுதட்டும். வரும்வரைக்கும்.

வளை தனியாக இருக்கலாம். வழி தெரிந்த எலி ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடாது.